ரூபாவும் ரூபாயும்

"தம்பி, இண்டைக்கு றேற் என்ன?"

வெள்ளவத்தைக் காலி வீதியில் ஒரு நாணய மாற்றுக் கடையின் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்து இருபத்தேழு வருடங்களாக இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி வருகிறேன். யாழ்ப்பாணத்து அம்மா இப்படிக் கேட்பார். கொட்டாஞ்சேனையிலிருந்து வேளாங்கண்ணிக்குப் புறப்படும் அக்கா, "தம்பி, இன்னைக்கு ரேட் எப்படி?" என்பார். லண்டனிலிருந்து லீவில் வந்த மருமகன் கைபேசியைத் தூக்கிக் காட்டி, "இதில வேற மாதிரி இருக்கே அண்ணை?" என்பார். மூவரும் கேட்பது ஓர் எண்ணை. அந்த எண்ணைச் சொல்ல எனக்கு ஒரு நொடி போதும். ஆனால், பயணம் முடிந்து வீட்டுக்கு வந்து கைப்பையைக் கொட்டிப் பார்க்கும்போது எவ்வளவு காசு வீணாய்ப் போயிருக்கும் என்பதை அந்த எண் சொல்லாது. அதை அறிய வேறு கேள்விகள் கேட்க வேண்டும். அவற்றைக் கேட்கப் பழகியதைத்தான் என் தொழில் என்று நினைக்கிறேன்.

என் வீடு இரத்மலானையில், விமான ஓடுபாதைக்குப் பின்பக்கம். காலையில் 100 அல்லது 101 பஸ்ஸில் ஏறி வெள்ளவத்தையில் இறங்குவேன். கட்டுநாயக்கா விமான நிலையம் வரும்வரை விமானத்தில் வெளிநாடு போகிறவர்களுக்கு இரத்மலானைதான் வாசல். 1947 டிசம்பர் 10ஆம் திகதி எயார் சிலோனின் முதல் விமானம் இங்கிருந்துதான் காங்கேசன்துறை வழியாக மதராசுக்குப் பறந்தது. 1983 ஆடிக் கலவரத்தில் வீடுவாசலை இழந்த கொழும்புத் தமிழர்கள் இதே விமான நிலையக் கொட்டகைகளில் தரையில் கிடந்து, வடக்கே போகும் கப்பலுக்குக் காத்திருந்தார்கள். அப்படி ஊரை விட்டுப் போனவர்களும் அவர்களின் பிள்ளைகளும் இப்போது பவுணும், சுவிஸ் பிராங்கும், கனடா டொலரும் கொண்டு என் கவுண்டருக்கு வருகிறார்கள். அவர்கள் நீட்டும் தாள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் குளிரில் நின்று வேலை செய்த ஒரு நாள் இருக்கிறது. அதில் ஒரு பங்கு கவனக்குறைவால் கரைந்துபோவதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்க என்னால் முடிவதில்லை.

என்னைப் பழக்கிய பெரியவர் முதல் நாளே சொன்ன பாடம் ஒன்று உண்டு: "பலகையில ஒரு எண்ணைப் பாராதே, இரண்டு எண்ணையும் பார்." நாணய மாற்றுப் பலகையில் ஒவ்வொரு நாட்டுக் காசுக்கும் நேரே இரண்டு விலை இருக்கும். ஒன்று நாங்கள் வாங்கும் விலை, மற்றது நாங்கள் விற்கும் விலை. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் கடை வாடகையும், என் சம்பளமும், முதலாளியின் இலாபமும் இருக்கின்றன. இடைவெளி ஒடுங்கியிருந்தால் கடை நியாயமாக நடக்கிறது. அகன்றிருந்தால், "கொமிஷன் இல்லை" என்று எவ்வளவு பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தாலும் கொமிஷன் உள்ளே இருக்கிறது. கைபேசி காட்டும் எண், வங்கிகள் தமக்குள் பெருந்தொகையாகக் கொடுத்து வாங்கும் விலைகளின் நடுப்புள்ளி. அந்த விலைக்குத் தாள் எங்கும் கிடைக்காது. தாளை யாரோ விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்து, காப்புறுதி செய்து, எண்ணி, பெட்டகத்தில் பூட்டி வைக்க வேண்டும். ஆனாலும் அந்த எண்ணை அறிந்துகொண்டு கடைக்கு வாருங்கள். எங்கள் விலை அதிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று அளக்க அது நல்ல அளவுகோல்.

இடைவெளி எல்லாக் காசுக்கும் ஒரே அளவாக இருக்காது. டொலர், பவுண், யூரோ நாள் முழுக்கக் கைமாறுவதால் அவற்றுக்கு இடைவெளி சிறிது. குறைவாகப் புழங்கும் காசுக்குப் பெரிது. இங்கேதான் இந்தியா போகிறவர்களின் கணக்கு சிக்கலாகிறது. இலங்கை ரூபாவைக் கொடுத்து இங்கேயே இந்திய ரூபாய் வாங்குவதா? டொலர் வாங்கிக்கொண்டு போய்ச் சென்னையில் மாற்றுவதா?

கணக்குக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். கடையில் டொலர் விற்கும் விலை 302 ரூபா. இந்திய ரூபாய் ஒன்றை 3.70க்கு விற்று 3.45க்கு வாங்குகிறோம். இருவராகப் போகும் உங்கள் கையில் 151,000 ரூபா இருக்கிறது. நேரடியாக வாங்கினால் 40,800 இந்திய ரூபாய் அளவில் கிடைக்கும். டொலராக வாங்கினால் 500 டொலர். அதைச் சென்னையில் தியாகராய நகரிலோ அண்ணா சாலையிலோ நாலு கடை விசாரித்து 83 ரூபாய்க்கு மாற்றினால் 41,500. எழுநூறு ரூபாய் அளவில் ஆதாயம். அதே 500 டொலரை இறங்கிய அவசரத்தில் விமான நிலையத்துக்குள்ளேயே 79க்கு மாற்றினால் 39,500. இங்கே நேரடியாக வாங்கியிருப்பதைவிட 1,300 ரூபாய் நட்டம்.

ஆகவே, "டொலர் நல்லதா, இந்தியக் காசு நல்லதா" என்று யாரும் கேட்டால் நான் திருப்பிக் கேட்பது, "எங்கே மாற்றப் போறீங்கள்?" என்பதுதான். தெரிந்தவர் கூட்டிப் போவார், நகரத்துக்குள் மாற்ற நேரம் இருக்கிறது என்றால் டொலர். வயதானவர்கள், நள்ளிரவில் இறங்குகிறார்கள், விடியவே திருச்செந்தூருக்குப் புறப்படுகிறார்கள் என்றால் தேவையின் ஒரு பங்கையாவது இங்கேயே இந்தியக் காசாக வாங்கிப் போவது நல்லது. அதற்கும் எல்லை உண்டு. வெளிநாட்டவர் ஒருவர் இந்தியாவுக்குள் 25,000 இந்திய ரூபாய் வரைதான் கொண்டுபோகலாம், அதுவும் விமான நிலையம் வழியாக நுழைகிறவர்களுக்கே அந்தச் சலுகை. இதைச் சொல்லாமல் ஒருவர் கையில் கட்டாக இந்தியக் காசைக் கொடுத்து அனுப்புவது தொழில் ஆகாது.

அடுத்து மிச்சக் காசு. என் அனுபவத்தில் அதிகம் காசு கரைவது இங்கேதான், குறைவாகக் கவனிக்கப்படுவதும் இதுதான். கைக்காவலாக இருக்கட்டும் என்று கூடுதலாக வாங்கிப் போய் 10,000 இந்திய ரூபாயைத் திருப்பிக் கொண்டு வருகிறார்கள். 3.70க்கு வாங்கியது 37,000 ரூபா. 3.45க்குத் திருப்பி விற்றால் 34,500. செலவழிக்காத காசுக்கு 2,500 ரூபா அழிந்திருக்கிறது. இதே ஆள் போகும்போது 3.68க்குத் தரும் கடையைத் தேடி வெயிலில் வெள்ளவத்தை முழுக்க நடந்திருப்பார். குடும்பத்துக்குமாக 40,000 இந்திய ரூபாய் வாங்கினாலும் அந்த நடையில் மிஞ்சியிருக்கக்கூடியது 800 ரூபா. போகும்போது தேடிப் பிடித்ததைப்போல மூன்று மடங்கு வரும்போது போய்விட்டது.

காசு மாற்றுவது ஓட்டைப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றுவது போன்றது. ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் கொஞ்சம் சிந்தும். நல்ல பாத்திரம் தேடுவது சரிதான். ஆனால் எத்தனை தரம் ஊற்றுகிறோம் என்று பார்ப்பது அதைவிட முக்கியம். ரூபா டொலராகி, டொலர் ரூபாயாகி, மிஞ்சியது திரும்பவும் ரூபாவானால் மூன்று தரம் சிந்துகிறது. எனவே நான் விலை சொல்வதற்கு முன் கேட்பேன்: எத்தனை பேர் போகிறீர்கள்? எத்தனை நாள்? தங்குமிடத்துக்குக் காசு கட்டியாகிவிட்டதா? புடைவை, நகை வாங்கும் எண்ணம் இருக்கிறதா, அதை வங்கிக் காட்டில் கட்டலாமா? ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்தால், இரண்டு இலட்சத்துக்கு மாற்ற வந்தவர்களில் பாதிப்பேருக்கு ஒன்றேகால் இலட்சம் போதுமாக இருக்கும். கடைக்கு அது குறைந்த வியாபாரம்தான். அவர்கள் திரும்ப வருகிறார்கள் என்பது இருபத்தேழு வருடங்களில் நான் கண்டது.

காட் என்றதும் அந்த மெஷின் கேட்கும் கேள்வியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். வெளிநாட்டுக் கடையிலோ ஏ.ரி.எம்.மிலோ உங்கள் காட்டைப் போட்டதும், "உங்கள் நாட்டுக் காசில் கட்டுகிறீர்களா, இந்த நாட்டுக் காசில் கட்டுகிறீர்களா?" என்று திரையில் வரும். இலங்கை ரூபாவில் எவ்வளவு என்றும் அழகாகக் காட்டும். பழகிய காசு, விளங்குகிற எண் என்று பலர் அதை அமத்திவிடுவார்கள். அமத்திய உடனே மாற்று விலையை நிர்ணயிக்கும் உரிமை அந்தக் கடைக்காரரின் வங்கிக்குப் போய்விடுகிறது. அது தன் இலாபத்தைச் சேர்த்தே விலை போடும். எந்த நாட்டில் நிற்கிறீர்களோ அந்த நாட்டுக் காசையே தெரிவு செய்யுங்கள். இந்தியாவில் இந்திய ரூபாய், சிங்கப்பூரில் சிங்கப்பூர் டொலர். அப்போது விசா, மாஸ்டர்காட் போன்றவற்றின் விலையில் மாறும். அந்த விலை நடுப்புள்ளிக்குக் கிட்ட நிற்கும். அதன்மேல் உங்கள் வங்கி என்ன கட்டணம் போடுகிறது என்பதைப் புறப்படுமுன் வங்கியிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஏ.ரி.எம்.மில் ஒவ்வொரு தடவையும் தனிக் கட்டணம் விழும் என்பதால், ஐந்து தரம் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பதைவிட ஒரே தரம் எடுப்பது மேல்.

தாளைப் பற்றியும் சொல்கிறேன். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்தது தாளைத் தொடுவதுதான். அமெரிக்க டொலர்த் தாள் மரக்கூழில் செய்ததல்ல. முக்கால் பங்கு பருத்தியும் கால் பங்கு லினனும். விரலுக்கு அது துணியும் கடதாசியும் சேர்ந்ததுபோல இருக்கும். 2013இல் வந்த நூறு டொலர்த் தாளில் நீல நாடா ஒன்று ஊடே ஓடும். தாளைச் சரித்தால் அதிலுள்ள மணிகள் நூறு என்ற எண்ணாக மாறும். மூலையில் உள்ள 100 செப்பு நிறத்திலிருந்து பச்சைக்குப் போகும். பழகிய விரல் அச்சின் மேடு பள்ளத்தைத் தொட்டே கள்ளத்தாளைப் பிரித்துவிடும். கண் அதற்குப் பிறகுதான் உறுதி சொல்லும்.

நீங்கள் பார்க்க வேண்டியது இவ்வளவுதான்: கிழியாத, பேனாக் கீறல் இல்லாத, முத்திரை குத்தாத, புதுப் பதிப்புத் தாளாகக் கேட்டு வாங்குங்கள். அங்கே போய்ச் சேரும் இடத்தில் அழுக்குத் தாளுக்கு விலை குறைப்பார்கள், அல்லது வேண்டாம் என்பார்கள். நூறு டொலர்த் தாளுக்குப் பல இடங்களில் சிறு தாளைவிடக் கூடிய விலை கிடைக்கும். கவுண்டரை விட்டு நகருமுன் எண்ணுங்கள். நான் எண்ணித் தந்த பிறகு என் கண்முன்னே நீங்கள் திருப்பி எண்ணுவது எனக்கு அவமரியாதை இல்லை. அதில் உங்களுக்கும் காவல், எனக்கும் காவல்.

அலுமாரி லாச்சியில் வெளிநாட்டுத் தாளைச் சேர்த்து வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் நிறைய. அடுத்த முறைக்கு உதவும் என்று வைப்பது. 2016 நவம்பர் 8ஆம் திகதி இரவு இந்தியா 500, 1000 ரூபாய்த் தாள்களைச் செல்லாது என்று அறிவித்தது. மறுநாள் காலை கடை திறக்குமுன்னரே வாசலில் ஆட்கள் நின்றார்கள். ஒருவர் கையில் அடுத்த சபரிமலைப் பயணத்துக்குக் குழுவாகச் சேர்த்த காசு. இங்கே யாரும் அதை வாங்க முடியவில்லை. இங்கிலாந்தின் கடதாசி 20, 50 பவுண் தாள்கள் 2022 செப்டெம்பர் 30உடன் புழக்கத்திலிருந்து போயின. இங்கிலாந்து வங்கி அவற்றை இன்றும் மாற்றித் தருகிறது என்றாலும், வெள்ளவத்தை லாச்சியில் கிடக்கும் தாளுக்கு அந்த வழி தூரம். மிச்சத் தாளை வந்த கிழமையிலேயே கொண்டு வந்து மாற்றிவிடுங்கள்.

வங்கிக்கு வெளியே ஆள் மூலம் காசு கைமாற்றும் உண்டியலைப் பற்றியும் கேட்பார்கள். கடையைவிடக் கூட்டித் தருகிறார்களாமே என்று. அங்கே பலகை இல்லை, அனுமதிப்பத்திரம் இல்லை, பற்றுச்சீட்டு இல்லை. காசு போய்ச் சேராவிட்டால் முறையிட இடமும் இல்லை. சட்டமும் அதற்கு இடம் கொடுக்காது. மத்திய வங்கி அனுமதித்த கடையில் அனுமதிப்பத்திரம் கண்ணுக்குத் தெரிய மாட்டப்பட்டிருக்கும். பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கிக் கடவுச்சீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது கேள்வி வந்தால் அந்தத் துண்டுதான் பேசும்.

இரத்மலானையில் எங்கள் ஒழுங்கையில் இருந்த ஒரு பெரியவர், எயார் சிலோன் காலத்தில் மதராசுக்குப் போனவர், என்னிடம் அடிக்கடி சொல்வார்: "எங்கட காலத்தில உங்கட வேலைக்கு ஆள் தேவைப்படேல்ல தம்பி. ரூபாவுக்கு ரூபாய்." உண்மைதான். ஒரு டொலருக்கு நமக்கும் 4.76, அவர்களுக்கும் 4.76 என்று சமமாக இருந்த காலம் அது. 1966 ஜூன் 6ஆம் திகதி இந்தியா தன் ரூபாயை 7.50க்கு இறக்கியது. 1967 நவம்பரில் நாம் 5.95க்கு இறங்கினோம். அந்த இடைப்பட்ட ஒன்றரை வருடம் நம் ஒரு ரூபாவுக்கு அவர்களின் ஒன்றரை ரூபாய்க்கு மேல் வந்தது. கேட்க எவ்வளவு நல்ல றேற்! ஆனால் அந்தப் பெரியவருக்கு அதனால் பயன் இருக்கவில்லை. 1953ஆம் ஆண்டின் செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ், வெளிநாட்டுக் காசு வாங்க அனுமதி எடுப்பதே பெரும்பாடு. 1977 நவம்பரில் கதவு திறந்தபோது டொலர் 16 ரூபா அளவுக்குப் போய்விட்டது. விலை நல்லதாக இருந்த காலத்தில் வாங்க வழி இல்லை, வழி வந்தபோது விலை இல்லை. அவர் கதையைக் கேட்ட நாளிலிருந்து பலகையின் எண்ணை நான் முழு உண்மையாக எடுத்துக்கொள்வதில்லை.

ஆனாலும் நானும் ஒருமுறை அந்த எண்ணை நம்பிப் பேசினேன். அதை மறைக்காமல் எழுத வேண்டும்.

2022 மார்ச் இரண்டாம் வாரம். தெகிவளைப் பக்கத்து அம்மா ஒருவர், மகளோடு வந்தார். வைகாசி விசாகத்துக்குத் திருச்செந்தூர் போக நேர்த்தி. கணவர் நோயிலிருந்து எழும்பினால் வருவதாக வேண்டிக்கொண்டது. பல மாதங்களாக டொலர் 203 ரூபாவுக்குள் பிடித்து வைக்கப்பட்டிருந்தது. இந்திய ரூபாய்க்குக் கணக்கு 2.70 அளவில். மார்ச் 7ஆம் திகதி மத்திய வங்கி பிடியைத் தளர்த்தியதும் விலை ஏறத் தொடங்கியது. மகள் கேட்டாள், "அங்கிள், இப்ப வாங்கவா, பொறுக்கவா?" நான் சொன்னேன்: "ஒரு கிழமை பொறுங்கோ பிள்ளை, இறங்கும்."

இறங்கவில்லை. மே நடுப்பகுதியில் டொலர் 360. அவர்கள் சேர்த்து வைத்த அதே ரூபாவுக்கு வரக்கூடிய இந்திய ரூபாய் பாதியை நோக்கிப் போய்விட்டது. அதற்குள் பெற்றோலுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை. பயணம் நின்றது. அந்த அம்மா வந்து என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அன்றிலிருந்து நாளைய விலையை யாருக்கும் சொல்வதில்லை என்று முடிவெடுத்தேன். 2022இல் பயந்து உச்ச விலையில் வாங்கி வைத்தவர்கள், 2023 நடுப்பகுதியில் டொலர் 300ஐ ஒட்டி இறங்கியதைப் பார்த்து மனம் நொந்தார்கள். ஏறுமா இறங்குமா என்பது மத்திய வங்கி ஆளுநருக்கும் முழுதாகத் தெரியாது, கவுண்டரில் நிற்கிற எனக்கு எப்படித் தெரியும்? ஆகவே இப்போது சொல்வது ஒன்றே: திகதி உறுதியானதும் தேவையைக் கணக்கிட்டு, அதில் பாதியை உடனே வாங்குங்கள், மீதியைப் புறப்படும் கிழமையில் வாங்குங்கள். ஏறினாலும் பாதி தப்பும், இறங்கினாலும் பாதிக்கு ஆதாயம். ஆகச் சிறந்த விலை இப்படிக் கிடைக்காது. ஆனால் எந்தக் குடும்பத்தின் நேர்த்தியும் என் ஒரு சொல்லில் தொங்காது.

2024இல் அந்த அம்மா திரும்ப வந்தார். இம்முறை கணவரையும் கூட்டி வந்திருந்தார். நான் கேள்விகளைத் தொடங்குமுன்னரே மகள் ஒரு கொப்பித்தாளை நீட்டினாள். நாலு பேர், ஒன்பது நாள், தங்குமிடம் கட்டியாயிற்று, புடைவைக்குக் காட் என்று எழுதிக் கூட்டியிருந்தாள். பாதியை அன்றைக்கும், மீதியைப் பயணத்துக்கு இரண்டு நாள் முன்னும் வாங்கினார்கள். ஒவ்வொரு முறையும் அந்த அம்மா தானே எண்ணினார். இரண்டு தரம்.

திருச்செந்தூரிலிருந்து திரும்பிய அடுத்த கிழமை கடைக்கு வந்து பன்னீர் இலை விபூதி தந்தார். "மிச்சக் காசு கொண்டு வந்தீங்களே அம்மா?" என்று கேட்டேன். கைப்பையைத் திறந்து ஓர் ஐம்பது ரூபாய்த் தாளும் இரண்டு பத்தும் எடுத்துக் காட்டினார்.

"இவ்வளவுதான் தம்பி. இதை மாத்த வேண்டாம். அடுத்தமுறை இறங்கின உடனே ஓட்டோக்காரனுக்குக் குடுக்கலாம்."

தாள்களை மடித்துக் கடவுச்சீட்டுக்குள் வைத்துக்கொண்டார். நான் விபூதியைப் பூசிக்கொண்டு அடுத்தவரை வரச் சொன்னேன்.